கொடுத்தது வேறு, பறிபோனது வேறு

பங்கு மனையின் கதவைத் தட்டுகிறவர்கள் எதற்காக வருகிறார்கள் என்பது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இப்பணியில் கழிந்த பின்னர், காலடி ஓசையிலேயே நமக்குப் புலப்பட்டு விடுகிறது. திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டி வருகிறவரின் நடை ஒரு வகை. மகனுக்கு வேலைக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வருகிறவரின் நடை வேறு வகை. குடிகாரக் கணவனைப் பற்றி முறையிட வருகிற பெண் கதவைத் தட்டுவதே இல்லை; வாசலில் நின்று இருமுவாள். ஆனால், ஆலங்காயத்தில் ஒரு ஞாயிறன்று, இரண்டாம் திருப்பலி முடிந்து, மணியகாரரும் பாடகர் குழுவினரும் கலைந்து சென்ற பின்னர் வந்து நின்ற அம்மாவின் வருகை எதற்காக என்று நம்மால் ஊகிக்க முடியவில்லை.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கணவர் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இரு மகன்களும் மணமாகிப் பேரக் குழந்தைகளும் பிறந்துவிட்டார்கள். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் தையல் மெஷினில் வேலை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இடது மார்பகத்தில் கட்டி கண்டு, வேலூருக்குச் சென்று, மார்பகத்தை முழுவதும் அகற்றிக்கொண்டவர். அதன் பின்னர் மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது. ‘கரண்ட்’ வைத்தார்கள், தோல் கறுத்தது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு நம் மக்கள் இட்டிருக்கும் பெயர் அதுதான். அவருடைய நோய்ப்படுக்கையின்போது நற்கருணை கொண்டு சென்றவர்கள் நாம் ஆதலால் இவையெல்லாம் நமக்குத் தெரியும்.

“தோத்திரம் சாமி. ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்கம்மா.”

“எடுத்த மாரை மறுபடி செஞ்சு வச்சுத் தெச்சுக் குடுக்கறாங்களாம். டாக்டரம்மா சொன்னாங்க. பண்ணிக்கலாமா சாமி? பாவம் ஒண்ணும் இல்லையே?”

அதற்கு நாம் சிரித்தோம் என்று எழுத இன்று கை கூசுகிறது. “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கம்மா அதெல்லாம்?” என்றோம். அத்துடன் நின்றிருந்தாலாவது ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். ‘நம் ஆண்டவரே தழும்புகளோடுதான் உயிர்த்தெழுந்தார், உயிர் பிழைத்தீர்களே, அதற்கு அவருக்கு நன்றி சொல்லுங்கள்’ என்று ஒரு சிறு மறையுரையும் ஆற்றி முடித்தோம். அந்த அம்மா, “சரிங்க சாமி” என்று சொல்லி, சேலைத் தலைப்பை இழுத்து இடப்பக்கத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். நாமும் காலை உணவுக்குச் சென்றோம்.

அன்று மாலை கன்னியர் மடத்திலிருந்து ஓர் அருட்சகோதரி வந்தார். பள்ளியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகும் குரலில் அந்தக் கரும்பலகை இன்னும் இருக்கிறது. நம்மை உட்காரச் சொல்லிவிட்டுத் தாம் நின்றுகொண்டே பேசினார்.

“அந்த அம்மா என்ன வேலை செய்யறாங்க, சாமி?”

“ஷூவுக்கு மேல்தோல் தைக்கிறார்கள்.”

“எப்படித் தைக்கிறாங்க?”

அதற்கு நம்மிடம் விடை இல்லை. அவரே விவரித்தார். நாள் முழுவதும் மெஷின்மீது குனிந்தபடி வேலை. இழந்த மார்பின் இடத்தில் அந்த அம்மா பஞ்சைத் துணியில் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறார். குனியும்போதெல்லாம் அது மேலே ஏறிக் கழுத்தோரம் வந்து நிற்கிறது. வியர்வையில் நனைந்து கனக்கிறது. சரிசெய்துகொள்ள அடிக்கடி கழிவறைக்கு எழுந்து சென்றால் மேற்பார்வையாளர் ஜோடிக் கணக்கைப் பார்க்கிறார். இது நாள்தோறும் உள்ள கதை. ஆனால் ஒரு நாள், அந்தப் பஞ்சுருண்டை ரவிக்கையிலிருந்து நழுவி மெஷின் மேசைமீது, வெட்டிய தோல் துண்டுகளின் நடுவே விழுந்தது. பக்கத்தில் நின்ற உதவியாள் பையன், ஏதோ கழிவுத் துணி என்று எண்ணி, அதை எடுத்துக் குப்பைக் கூடையில் வீசிவிட்டான். அவன் பேரில் குற்றமில்லை. அந்த அம்மா அன்று மாலை வரை ஒற்றைக் கையால் மாராப்பைப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் தைத்தார். வேனில் முப்பது பெண்களோடு நெருக்கியடித்துக்கொண்டு வீடு வந்தார். அதன் பின்னர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை.

“எதுக்குன்னு கேட்டீங்களாமே சாமி. இதுக்குத்தான்.”

கேள்வியைக் கேட்டோமே தவிர, விடைக்குக் காத்திருக்கவில்லை என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. அந்த வயதில், கணவனும் இல்லாத ஒருத்தி மார்பகத்தைத் திரும்பப் பெற விரும்பினால் அது யாரோ ஓர் ஆடவனின் கண்ணுக்காகத்தான் இருக்க வேண்டும் என்று, மணவாழ்வைத் துறந்த நாமே முடிவு கட்டியிருந்தோம்!

சகோதரி அத்துடன் விடவில்லை. “உயிர்த்த ஆண்டவர் தழும்பைக் காட்டினார்னு சொன்னீங்களாம். அவரு தாமே விரும்பிக் காட்டினார், சாமி. அதுவும் தம்முடைய சீடர்களுக்கு. வேன்ல வர்றவங்களுக்கு இல்ல” என்றார். பிறகு சற்றுக் குரலைத் தாழ்த்தி, தமக்கும் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு வலது மார்பகம் எடுக்கப்பட்டதைச் சொன்னார். நமக்கு அது தெரியாது. மடத்துச் சகோதரிகளைத் தவிர வெளியார் ஒருவருக்கும் தெரியாதாம். சீரமைப்பு என்று ஒன்று உண்டென்றுகூட அன்று அவரிடம் யாரும் கூறவில்லை. “கன்னியருக்கு எதற்கு என்று நினைத்திருப்பார்கள்” என்று சிரித்தார். “உடுப்பு வாங்கின அன்னிக்கு முடியைக் கத்தரிச்சுக் கொடுத்தேன். அது நான் கொடுத்தது. இது நான் கொடுக்கல. கொடுத்தது வேறு, பறிபோனது வேறு, சாமி.”

குருமடத்தில் எட்டு ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற நமக்கு இந்த வேறுபாட்டை ஒருவரும் கற்பித்ததில்லை.

கன்னியரைப் பற்றி ஒரு செய்தியை இங்கே சொல்லியாக வேண்டும். நம் வாசகர் குடும்பங்களில் துறவற சபைக்கு மகளையோ தங்கையையோ அனுப்பாத குடும்பம் அரிது. 1700ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு மொதெனா நகரின் மருத்துவர் பெர்நார்தீனோ ராமாசினி, பல்வேறு தொழிலாளருக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதிலே, கன்னியர் மடங்களில் மார்பகப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்படுகிறது என்று எழுதி வைத்தார். அவர் கூற்றைப் பின்வந்த ஆராய்ச்சிகளும் மெய்ப்பித்தன. பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இந்நோயிலிருந்து ஓரளவு காப்பளிப்பவை. அவை வாய்க்காத பெண்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல். ஆகவே மணமாகாத அக்காளும் மடத்திலிருக்கும் சகோதரியும் ‘நமக்கெல்லாம் அது வராது’ என்று இருந்துவிடலாகாது. இவ்வளவு ஆபத்தில் நிற்கிறவர்களையே, இழந்ததைத் திரும்பக் கேட்கும் உரிமை இல்லாதவர்களாக நாம் கருதி வந்திருக்கிறோம்.

சகோதரி சென்ற பின்னர் அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. புனித ஆகத்தம்மாள் நினைவுக்கு வந்தார். சிசிலித் தீவில், எத்னா எரிமலையின் அடிவாரத்துக் கத்தானியா நகரத்துக் கன்னிகை. தேசியுஸ் மன்னன் காலத்து மறைக் கலகத்தில், 251ஆம் ஆண்டளவில், ஆளுநனின் ஆசைக்கு இணங்க மறுத்ததால் மார்பகங்களை அறுத்து வதைத்தார்கள் என்பது மரபு. பிப்ரவரி 5 அவருடைய திருநாள். திருப்பலியின் முதல் நற்கருணை மன்றாட்டில் அவர் பெயரை எத்தனையோ முறை உச்சரித்திருக்கிறோம். மார்பக நோயுள்ளோருக்குப் பாதுகாவலி என்பதும் தெரியும். ஆனால் அம்மரபுக் கதையின் அடுத்த பகுதியை நாம் ஒருநாளும் நின்று சிந்தித்ததில்லை. அன்றிரவே சிறையில் இராயப்பர் ஒரு முதியவர் வடிவில் விளக்கேந்திய சிறுவனோடு தோன்றி, அறுபட்ட மார்பகங்களை முழுமையாக்கினார் என்கிறது கதை. சில நாளில் சாகப்போகிறவள், கணவன் இல்லை, குழந்தை இல்லை, இனி அவளைப் பார்ப்பவர்கள் கொலைஞர்கள் மட்டுமே. ‘இவளுக்கு எதற்கு?’ என்று இராயப்பர் கேட்கவில்லை. வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை எப்படி வேண்டுமானாலும் எடை போடட்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதைத் தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்த கிறித்தவத் தாய்மாருக்கு அது எதற்கு என்று தெரிந்திருக்கிறது.

அதற்கும் மேலான சான்று நற்செய்தியிலேயே உண்டு. ஒலிவத் தோட்டத்தில் தலைமைக் குருவின் ஊழியன் மால்குஸின் காதை இராயப்பர் வெட்டினார். ஆண்டவர் தொட்டு நலமாக்கினார். வெளிக்காது இல்லாவிட்டாலும் அவன் உயிருக்குக் கேடில்லை. தம்மைப் பிடிக்க வந்தவன், போயும் போயும் ஒரு காது! இன்னும் சில மணி நேரத்தில் சிலுவை சுமக்கப் போகிறவர் அதற்கு நேரம் ஒதுக்கினார்.

மறு ஞாயிறு அந்த அம்மாவிடம் சென்று, “நாம் பேசியது தவறு. டாக்டரிடம் இன்னொரு முறை கேட்டு வருவோம், நாமும் சகோதரியும் கூட வருகிறோம்” என்றோம். அவருடைய மூத்த மகனுக்கு இதில் விருப்பமில்லை. “எங்கம்மா உயிரோட இருக்கறதே போதும் சாமி” என்றார். அன்பினால் சொன்ன சொல்தான். ஆனால் யாருக்குப் போதும் என்று அவரிடம் கேட்கத் தோன்றியது. நாமே ஒரு வாரத்துக்கு முன்பு அதைத்தான் சொன்னோம் என்பதால் கேட்கவில்லை.

வாணியம்பாடி வழியாக வேலூருக்குப் பேருந்து. சவ்வாது மலை பின்னால் தங்க, நெடுஞ்சாலையேறியதும் தோல் தொழிற்சாலைகளின் வாடை சன்னல் வழியே வந்தது. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன்பு இதே வேலூரில் நடந்த ஒன்றைச் சகோதரிக்குச் சொல்லிக்கொண்டு போனோம். இளமையில் நாம் தொழுநோயாளர் பணியில் சிறிது காலம் ஈடுபட்டிருந்தபோது கேட்டறிந்தது.

டாக்டர் பால் பிராண்டு கொல்லிமலையில் 1914இல் பிறந்தவர். பெற்றோர் ஆங்கிலேய மறைபரப்பாளர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்களல்லர், பிரிந்த சகோதரர்கள். 1946இல் அவர் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம் மாற்றி நிமிர்த்தும் அறுவையை 1948இல் அங்கே தொடங்கினார். இது உலகறிந்த செய்தி. ஆனால், கை சீரடைந்து, மருந்தால் நோயும் நீங்கி, ஊர் திரும்பியவர்களுள் சிலர் மறுபடியும் வந்து நின்றார்கள். வேலை கிடைக்கவில்லை; டீக்கடையில் உட்கார விடவில்லை. காரணம், புருவம் இல்லை. தொழுநோய் புருவ மயிரை உதிர்த்துவிடும், மூக்கையும் அமுக்கிவிடும். புருவமற்ற முகத்தைக் கண்டதும் ஊர் முடிவு கட்டிவிடும். நோய் போய்விட்டது என்ற மருத்துவர் சீட்டை யாரும் படிப்பதில்லை, முகத்தைத்தான் படிக்கிறார்கள். எனவே பிராண்டும் அவரோடிருந்தவர்களும் புருவம் வைக்கத் தொடங்கினார்கள். தலையில் மயிருள்ள தோலின் ஒரு துண்டை, அதற்கு இரத்தம் கொண்டுவரும் நாளம் அறுபடாமல், நெற்றித் தோலுக்கடியில் வழி செய்து நகர்த்திக் கண்ணுக்கு மேல் பதித்தார்கள். தலைமயிர் அல்லவா, அது வளர்ந்துகொண்டே இருக்கும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். ஆனால் சிலர் கத்தரிக்க மனம் வராமல், கண்ணை மறைக்கும் அளவுக்கு வளரவிட்டுப் பெருமையோடு திரிந்தார்களாம்.

புருவத்தால் யாரும் உயிர் வாழ்வதில்லை. எனினும் இம்மாவட்டத்து மருத்துவர்கள் அது வீண் ஆடம்பரம் என்று சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. “அப்படின்னா இது நம்ம ஊர்லயே இருந்த புத்திதானே சாமி” என்றார் சகோதரி.

மருத்துவமனையின் வெளிநோயாளர் விசிப்பலகையில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். குருவின் அங்கியைக் கண்டால் மக்கள் தாமாகப் பேசுவார்கள். இடப்பக்கம் அறுபத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர். இருபது ஆண்டுகளுக்கு முன்பு மார்பகத்தோடு மார்புத் தசையையும் சேர்த்து எடுத்திருந்தார்கள். விலா எலும்பின்மேல் தோல் ஒட்டிக் கிடக்கிறது என்றார். இத்தனை காலம் கழித்தும் செய்யலாமா என்று கேட்க வந்திருந்தார். எதிரே ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி தன் தாயோடு. அவளருகில் வாட்டசாட்டமான விவசாயி ஒருவர், மனைவிக்காக வந்திருக்கிறார் என்று எண்ணினோம், நோயாளி அவரேதான். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் ஆண் என்று பின்னர் அறிந்தோம். “ஊர்ல சொல்ல முடியல ஃபாதர்” என்றார். சட்டையைக் கழற்றி நாற்று நட முடியவில்லை என்பதுதான் அவருடைய கவலை.

டாக்டரம்மா பொறுமைசாலி. பெண்ணின் உடலைப் பற்றி ஒரு குருவுக்கு விளக்குவதில் அவருக்குக் கூச்சமில்லை, கூச்சமெல்லாம் நமக்குத்தான். அவர் சொன்னதை நம் சொற்களில் தருகிறோம்.

மார்பகத்தை மறுபடி உருவாக்க இரு பெரும் வழிகள் உண்டு. ஒன்று, சிலிக்கோன் என்னும் பொருளாலான பையைத் தோலுக்கோ தசைக்கோ அடியில் வைப்பது. 1962இல் அமெரிக்க நாட்டின் ஹியூஸ்டன் நகரில் முதன்முதல் ஒரு பெண்ணுக்கு இது வைக்கப்பட்டது. தோல் போதாதபோது, முதலில் ஒரு வெற்றுப் பையை வைத்து, சில வாரங்கள் சிறிது சிறிதாக உப்புநீர் ஏற்றித் தோலை விரியச் செய்து, பிறகு நிலையான பையை வைப்பார்கள். அறுவை சிறிது, ஆனால் அந்தப் பை ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதமன்று, பிற்காலத்தில் மாற்ற நேரலாம். கதிர்வீச்சு பெற்ற மார்பில் அது இறுகிக் கெட்டிப்பட்டுத் தொல்லை தருவதும் மிகுதி. மற்றொன்று, தன் உடலிலிருந்தே தசையும் கொழுப்பும் தோலும் எடுத்து அமைப்பது. அடிவயிற்றிலிருந்து எடுக்கலாம்; நீண்ட அறுவை; வயிற்றில் போதிய கொழுப்பு இருக்க வேண்டும்; முன்பு வயிற்றில் வேறு அறுவைகள் நடந்திருந்தால் மருத்துவர் ஆராய்ந்து பார்ப்பார். முதுகிலிருந்தும் எடுக்கலாம். முதுகுத் தசையொன்றை அதன் இரத்த நாளத்தோடு அக்குளின் அடியாகத் திருப்பி முன்பக்கம் கொண்டுவருகிறார்கள். இதை 1906இலேயே பாவியா நகரின் இஞ்ஞாசியோ அல்ல, இஜீனியோ தான்சீனி என்னும் மருத்துவர் செய்து காட்டினார் (பெயரை நாம் முதலில் தவறாகக் கேட்டுச் சகோதரியிடம் திருத்தம் பெற்றோம்). நாளம் அறாமல், தோலுக்கடியில் வழி செய்து நகர்த்துவது! பிராண்டின் புருவமும் அதே வழியில்தானே வந்தது?

“வயசு மட்டும் தடையில்லை, ஃபாதர்” என்றார் டாக்டரம்மா. உடல்நிலைதான் கணக்கு. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. புகைபிடிப்பவருக்கும் மிகப் பருத்தவருக்கும் சிக்கல் கூடும். மார்பகம் அகற்றும்போதே உடன் செய்யலாம். பல ஆண்டுகள் கழித்தும் செய்யலாம். ஆகையால் அந்தப் பாட்டிக்கும் வழி அடைபடவில்லை. சீரமைப்பினால் நோய் திரும்புவதில்லை. திரும்பினால் அதை மறைத்து விடுவதுமில்லை. ஆனால் இயற்கை மார்பகத்தின் உணர்ச்சி முழுமையாகத் திரும்பாது என்பதையும், இரண்டு பக்கமும் அச்சில் வார்த்தாற்போல் இருக்காது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அறுவையே வேண்டாம் என்பவர்களுக்கு, போதிய கனத்தோடு செய்த செயற்கை மார்பகமும் அதைத் தாங்கப் பையுள்ள உள்ளாடையும் கிடைக்கின்றன. கனம் சரியாக இருந்தால் தோள் சாயாது. பஞ்சுருண்டை அந்த வேலையைச் செய்யாது.

கர்ப்பிணியைப் பற்றி நாமே வலிந்து கேட்டோம். அந்தத் தாயின் முகம் நம்மை விட்டு அகலவில்லை. கருவைக் கலைத்தால்தான் சிகிச்சை என்று உறவினர் யாரோ சொல்லியிருந்தார்களாம். அது உண்மையன்று. கலைப்பதனால் நோய் குணமாகும் வாய்ப்பு கூடுவதில்லை. கர்ப்ப காலத்தில் மார்பக அறுவை செய்யலாம். முதல் மூன்று மாதம் கழிந்த பின்னர் மருந்தும் ஏற்றலாம். கதிர்வீச்சை மட்டும் பேறுகாலத்துக்குப் பின் தள்ளி வைப்பார்கள். சீரமைப்பும் பெரும்பாலும் அதன் பிறகே. இதைப் படிக்கிற தாய்மார், மாமியார்மார் மனத்தில் பதித்துக்கொள்வார்களாக.

நம் அம்மாவுக்கு வருவோம். மெலிந்த உடல், வயிற்றில் எடுக்க ஒன்றுமில்லை. கதிர்வீச்சு பெற்ற மார்பு. ஆகவே சிலிக்கோன் பை அவ்வளவு உகந்ததன்று. முதுகுத் தசைதான் வழி. ஆனால் தோளின் வலிமை சற்றுக் குறையக்கூடும். மெஷினில் தைக்கலாம், பாரம் தூக்குவதில் கவனம் வேண்டும் என்றார்கள். முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று மாதத் தவணை. “பண்ணிக்கறீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க” என்று டாக்டரம்மா கேட்டார். நாமும் சகோதரியும் வாயைத் திறக்கவில்லை. அந்த அம்மா தம் இரு கைகளையும் மெஷினில் வைப்பதுபோல் முன்னே நீட்டி, குனிந்து, ஒரு கணம் அப்படியே இருந்து பார்த்துவிட்டு, “பண்ணிக்கறேங்க” என்றார்.

பாவமா என்ற அவருடைய முதற் கேள்விக்கும் திருச்சபையின் விடை ஏற்கெனவே உண்டு. பாப்பிறை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958 அக்டோபர் 4ஆம் நாள், இத்தாலிய பிளாஸ்டிக் அறுவை மருத்துவர்களின் மாநாட்டினருக்கு உரையாற்றினார். அதற்கு ஐந்தாம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். உடலழகு எல்லாவற்றுக்கும் மேலான நன்மையன்று. எனினும் அது இறைவன் தந்த நன்மையே. நோக்கம் நேர்மையானதாக இருந்து, உடல்நலத்துக்குப் பெருங்கேடு நேராமல் காத்து, தக்க காரணமும் இருக்குமானால் அத்தகைய அறுவை தகும் என்பதே அவ்வுரையின் சாரம். மரணத் தறுவாயில் இருந்த முதிய பாப்பிறை மூக்கையும் முகத்தையும் பற்றிப் பேச நேரம் கண்டார். ஆலங்காயத்துக் குருவுக்குத்தான் அதைப் படித்துப் பார்க்க நேரம் இல்லாமற் போயிற்று.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மக்களின் முதற் பயம் அதுவே. தோல், ஷூ கம்பெனிப் பெண்களில் பலர் ஈ.எஸ்.ஐ. அட்டை உடையவர்கள், ஆனால் அதைக் காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் மட்டுமே உரியது என்று நினைக்கிறார்கள். இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து வேலையிலிருந்து உரிய சந்தா செலுத்தியவருக்குப் புற்றுநோய் போன்ற நெடுநோய்க்கு, சராசரிக் கூலியில் நூற்றுக்கு எண்பது வீதம் நீட்டித்த நோய்க்கால உதவி உண்டு. அது இரண்டு ஆண்டுகள் வரை நீளக்கூடும். கம்பெனிக் கணக்கர் அதைச் சொல்லாவிட்டால் நாமே கேட்க வேண்டும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், எந்த அறுவைக்கு எவ்வளவு என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு அறையில் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நலம். இந்த அலைச்சலில் நம் இளைஞர் இயக்கத்துப் பையன்கள் இருவர் அந்த அம்மாவுக்காக நான்கு முறை வேலூர் சென்று வந்தார்கள். சுற்றுலாவுக்கு அழைத்தால் பத்து நிமிடம் தாமதமாக வருகிறவர்கள். இதற்கு முதல் பேருந்தைப் பிடித்தார்கள்.

நம் நாட்டில் 2022இல் மட்டும் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், ஏறத்தாழ 98,000 பேர் அதனால் இறந்ததாகவும் உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. கட்டி சிறிதாக இருக்கும்போதே வருகிறவர்களுக்கு, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சளித்து மார்பகத்தைக் காப்பாற்ற முடியும். பலருக்கு உயிர்க்காப்பு அதிலும் குறைவதில்லை. அதாவது, சீரமைப்பு என்ற பேச்சே எழ வேண்டியதில்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண்கள் கையால் தொட்டுப் பரிசோதித்ததனாலேயே ஐம்பது வயதைக் கடந்தவர்களிடையே இந்நோயால் நேரும் இறப்பு ஏறத்தாழ முப்பது விழுக்காடு குறைந்தது. தமிழக அரசு 2023 நவம்பரில் தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்த நான்கு மாவட்டங்களில் நம் திருப்பத்தூரும் ஒன்று. சுகாதார நிலையத்திலிருந்து வீடு தேடி வந்து அழைக்கிற பெண்ணிடம், ‘எனக்கு ஒன்றும் இல்லை’ என்று கதவைச் சாத்துகிறவர்களில் நம் மரியாயின் சேனைப் பெண்களும் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். அவர்களை நாம் தனியே பார்த்துக்கொள்வோம்.

அறுவை நடந்தது. முதுகுப் புண் ஆறச் சற்று நாளாயிற்று. ஒரு பக்கம் நீர் கோத்து இருமுறை எடுத்தார்கள். மருமகள்தான் கூட இருந்தாள். ‘பேத்திக்குச் சடங்கு சுத்துற வயசுல’ என்று தொடக்கத்தில் முணுமுணுத்தவளும் அவளே. சகோதரியிடம், “உங்களுக்கும் கேட்டுப் பார்க்கலாமே” என்று ஒரு முறை சொன்னோம். “எனக்கு வேண்டாம் சாமி, இப்படியே பழகிடுச்சு. வேண்டாம்னு சொல்றதுக்காவது யாராச்சும் கேட்டாங்களே” என்றார்.

ஐந்தாம் மாதம் அந்த அம்மா வேலைக்குத் திரும்பினார். சென்ற பிப்ரவரி 5ஆம் நாள், விடியற்காலைத் திருப்பலிக்கு ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற கோலத்திலேயே, சாப்பாட்டுக் கூடையோடு வந்திருந்தார். முடிந்தபின் கோவில் வாசலில் நிறுத்தி, “அன்றைக்கு உங்களை எதற்கு என்று கேட்டோமே அம்மா, மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றோம். அவருக்குச் சற்று நேரம் எது என்று விளங்கவில்லை. பிறகு சிரித்தார்.

“குனியறதுக்குத்தான் சாமி” என்றார். சாலையில் கம்பெனி வேன் ஒலியெழுப்பியது. கூடையை எடுத்துக்கொண்டு ஓடினார்.